நான்கு சாவிப் பெட்டி: சபையும் அரசும் பற்றி வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் 16-ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவின் திருச்சபைச் சீர்திருத்தத்தைப் பற்றி எழுதியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சுற்றிச் சுற்றி ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன: இது பக்தியால் நடந்ததா, பதவி ஆசையால் நடந்ததா? இரண்டையும் தனித்தனியாகப் பிரித்தெடுக்க முடியாது என்பது எங்கள் எண்ணம். ஆனால் எந்த இடத்தில், எப்படிப் பின்னிக்கொண்டன என்று காட்ட முடியும். போதகரை யார் நியமித்தார், அவருக்குச் சம்பளம் யார் கொடுத்தார், கோயில் நிலம் யார் கைக்குப் போனது என்று மூன்று கேள்விகள் கேட்டுப் பார்த்தால் முக்கால்வாசி விளங்கிவிடும்.

கேள்வி: பாவமன்னிப்புச் சீட்டு விற்ற பணம் ரோமில் பேதுரு பேராலயம் கட்டப் போனது என்று ஞாயிறு பள்ளியில் படித்தோம். முழுப் பணமும் அதற்குத்தான் போனதா? (பாளையங்கோட்டை)

பாதிதான் போனது. மறு பாதி ஒரு கடனை அடைக்கப் போனது.

பிராண்டன்பர்க் அரச குடும்பத்து இளையவர் ஆல்பிரெக்ட். 1513-ல் மக்டபர்க் பேராயரானார்; ஹால்பர்ஷ்டாட் மறைமாவட்ட நிர்வாகமும் அவரிடமே இருந்தது. மறு ஆண்டே மைன்ஸ் பேராயர் பதவிக்கும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அப்போது அவருக்கு வயது 23. ஆயராவதற்குச் சபைச் சட்டம் கேட்ட வயது 30. ஒருவரே பல மறைமாவட்டங்களை வைத்திருக்கவும் தடை. ஆனால் மைன்ஸ் பேராயர் என்பவர் ஜெர்மானியப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் எழுவரில் ஒருவர். ஆல்பிரெக்ட்டின் அண்ணன் ஏற்கெனவே அந்த எழுவரில் இருந்தார். மைன்ஸும் கிடைத்தால் ஏழில் இரண்டு வாக்கு ஒரே வீட்டுக்கு வரும். அந்தக் குடும்பம் அந்தப் பதவியை விடாமல் துரத்தியதற்குக் காரணம் இதுதான்.

விதிவிலக்கு தர வேண்டியவர் போப் பத்தாம் லியோ. அதற்கும், பேராயருக்குரிய பாலியம் என்னும் தோளில் அணியும் பட்டைக்கும் சேர்த்துக் கட்டணம் இருபதாயிரம் டுகாட் பொற்காசைத் தாண்டியது. ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபுகர் வங்கிக் குடும்பத்திடம் ஆல்பிரெக்ட் கடன் வாங்கிக் கட்டினார். கடனை அடைக்க வழியும் ரோமே காட்டியது. அவருடைய பகுதிகளில் எட்டு ஆண்டுகள் பாவமன்னிப்புச் சீட்டு விற்கலாம். வசூலில் பாதி பேராலயத்துக்கு, பாதி ஃபுகருக்கு. டொமினிக்கன் துறவி டெட்சல் ஊர் ஊராகப் போனபோது ஃபுகரின் ஆளும் கூடவே போனார். அவர் இல்லாமல் காணிக்கைப் பெட்டி திறக்கப்படாது.

விற்பனையாளர்களுக்கு ஆல்பிரெக்ட் கொடுத்த வழிகாட்டிக் குறிப்பில் விலைப்பட்டியலே இருந்தது. அரசர், அரசி, ஆயர்கள் 25 ரைன் பொற்காசு. மடாதிபதிகளும் பெரிய பிரபுக்களும் 10. வசதியுள்ள நகரத்தார் 3. கீழே வரவர 1, பிறகு அரை. கையில் ஒன்றும் இல்லாதவர் ஜெபமும் உபவாசமும் செய்தால் போதும்.

கத்தோலிக்கப் போதனைப்படி இந்தச் சீட்டு பாவத்தை மன்னிப்பதில்லை. பாவசங்கீர்த்தனத்தில் மன்னிக்கப்பட்ட பிறகு எஞ்சி நிற்கும் தண்டனையைத்தான் குறைக்கும். எனவே உயிரோடிருப்பவர் தமக்காக வாங்கினால் மனஸ்தாபமும் பாவசங்கீர்த்தனமும் கட்டாயம். ஆனால் செத்தபின் எஞ்சிய தண்டனையை அனுபவிக்கும் உத்தரிக்கிற ஸ்தலத்தில் இருக்கும் ஆத்துமாவுக்காக வாங்குகிறவருக்கு இரண்டுமே தேவையில்லை, பணம் போட்டால் போதும் என்று அதே குறிப்பு சொன்னது. செத்துப்போன அம்மாவை நினைத்துக் கண்ணீர் விடும் ஏழையின் முன்னால் இதைச் சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். 1517 அக்டோபர் 31 அன்று சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த ஜெர்மானியத் துறவி மார்ட்டின் லூத்தர் தம் 95 வாதக் குறிப்புகளை ஒரு கடிதத்தோடு அனுப்பியது இதே ஆல்பிரெக்ட்டுக்குத்தான். பின்னணியில் இருந்த கடன் ஏற்பாடு அப்போது லூத்தருக்குத் தெரியாது.

கேள்வி: ஜான் ஹஸ் எரிக்கப்பட்டார். நூறு ஆண்டுக்குப் பின் ஏறக்குறைய அதையே பேசிய லூத்தர் எப்படித் தப்பித்தார்? (நாகர்கோவில்)

செக் நாட்டுச் சீர்திருத்தப் போதகர் ஹஸ் 1415 ஜூலை 6 அன்று கான்ஸ்டன்ஸ் நகரில் எரிக்கப்பட்டார். அவருக்கும் பாதுகாப்புக் கடிதம் இருந்தது; கொடுத்த ஜெர்மானிய அரசர் சிகிஸ்முண்டே அதைக் காக்கவில்லை. லூத்தருக்கு வாய்த்த சாக்சனி எலெக்டர் ஃபிரெடெரிக் வேறு ரகம். அவரும் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் எழுவரில் ஒருவர். விட்டன்பர்க் பல்கலைக்கழகம் அவர் 1502-ல் நிறுவியது. லூத்தர் அதன் பேராசிரியர்.

ஆனால் ஃபிரெடெரிக் லூத்தரின் சீடர் இல்லை. விட்டன்பர்க் கோட்டைக் கோயிலில் பல்லாயிரம் புனிதப் பொருள்களைச் சேர்த்து வைத்து, அவற்றைத் தரிசிப்பவர்களுக்கு அவரே பாவத் தண்டனைக் குறைப்பு வழங்கிவந்தவர். டெட்சலைத் தம் எல்லைக்குள் அவர் விடாததற்கு இதுவும் ஒரு காரணம்: காணிக்கை வெளியே போய்விடும், அதுவும் போட்டிக் குடும்பத்தின் கடனுக்கு. விட்டன்பர்க் மக்கள் எல்லை தாண்டி யூட்டர்போக் ஊருக்குப் போய்ச் சீட்டு வாங்கித் திரும்பிவந்து லூத்தரிடம் காட்டினார்கள். லூத்தரும் ஃபிரெடெரிக்கும் ஒரு முறைகூட நேருக்கு நேர் பேசியதில்லை. எல்லாம் அரசவைச் செயலர் ஸ்பலட்டின் வழியாகவே நடந்தது.

காலமும் கைகொடுத்தது. 1519 ஜனவரி 12-ல் பேரரசர் மாக்சிமிலியன் இறந்தார். ஸ்பெயினும் நேப்பிள்ஸும் வைத்திருந்த அவர் பேரன் சார்லஸ் பேரரசரானால் போப்பின் நாடு இரு பக்கமும் நெருக்கப்படும். அதைத் தடுக்க ஃபிரெடெரிக்கின் தயவு ரோமுக்குத் தேவைப்பட்டது. அவரையே பேரரசராக்கலாமா என்றுகூடப் பார்த்தார்கள். ஆகவே லூத்தர் மீதான வழக்கு ஆறப்போடப்பட்டது. ஜூன் 28-ல் சார்லஸ் தேர்ந்தெடுக்கப்பட்டார். அந்தத் தேர்தலுக்கும் பெரும்பணம் கொடுத்தது ஃபுகர் குடும்பமே. லூத்தருக்கு எதிரான போப்பின் கண்டன ஆணை வெளியானது 1520 ஜூன் 15-ல்தான். அதற்குள் லூத்தரின் சிறு நூல்கள் அச்சேறி ஜெர்மனி முழுவதும் பரவிவிட்டன. 1521 ஏப்ரலில் வோர்ம்ஸ் நகரில் கூடிய பேரரசு மன்றத்தில் அவர் பின்வாங்க மறுத்தார். ஊர் திரும்பும் வழியில் மே 4 அன்று ஃபிரெடெரிக்கின் ஆட்களே அவரைக் கடத்துவதுபோல் கொண்டுபோய் வார்ட்பர்க் கோட்டையில் வைத்தார்கள். புதிய ஏற்பாட்டின் ஜெர்மன் மொழிபெயர்ப்பு அந்த மறைவிடத்தில்தான் பிறந்தது. கடவுளின் கரம் என்று ஒருவர் சொன்னால் நாங்கள் மறுக்கமாட்டோம். அந்தக் கரம் ஒரு தேர்தல் கணக்கின் வழியாகவும் வேலை செய்தது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

கேள்வி: இராயனுடையதை இராயனுக்கும் தேவனுடையதைத் தேவனுக்கும் செலுத்துங்கள் என்று வசனம் இருக்கிறது. லூத்தர் ஏன் சபையைச் சிற்றரசர்கள் கையில் கொடுத்தார்? (தூத்துக்குடி)

அவர் முதலில் கொடுக்க நினைத்தது சிற்றரசர்கள் கையில் இல்லை. சபை மக்கள் கையில். அந்த முயற்சி எப்படி உடைந்தது என்பது இந்த வரலாற்றிலேயே எங்களை மிகவும் வருத்தும் பகுதி. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறோம்.

சாக்சனியில் லைஸ்னிக் என்று ஒரு சிற்றூர். அங்கே பங்குக் குருவை நியமிக்கும் உரிமை பக்கத்திலிருந்த புக் மடாலயத்துக்கு இருந்தது. 1523-ல் ஊரார் தங்கள் போதகரைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். போதனையைச் சீர்தூக்கவும் போதகரை அழைக்கவும் சபைக்கே உரிமை உண்டு என்று லூத்தர் ஒரு சிறு நூல் எழுதி ஆதரித்தார். அடுத்த கேள்வி பணம். பழைய பூசை மானியங்கள், கோயில் நிலக் குத்தகை, சகோதர சங்கங்களின் சொத்து எல்லாவற்றையும் ஒரே பொதுப் பெட்டியில் சேர்ப்பது என்று முடிவானது. போதகர் சம்பளம், பள்ளி ஆசிரியர் சம்பளம், கோயில் பராமரிப்பு, முதியோர், அநாதைகள், நொடித்துப்போன கைவினைஞருக்குக் கடன், பஞ்ச காலத்துக்குத் தானியம் என எல்லாம் அதிலிருந்தே.

ஏற்பாடு நுட்பமானது. பொறுப்பாளர் பத்துப் பேர்: பிரபுக்களில் 2, நகர மன்றத்தில் 2, சாதாரண நகரத்தாரில் 3, சுற்றுக் கிராம விவசாயிகளில் 3. பெட்டிக்கு நான்கு வெவ்வேறு பூட்டுகள்; நான்கு தரப்பாரிடமும் ஆளுக்கொரு சாவி. நால்வரும் வந்தால்தான் திறக்கும். பொறுப்பாளர்கள் ஞாயிறுதோறும் கூட வேண்டும். வரவு செலவைப் புத்தகத்தில் எழுத வேண்டும். ஆண்டுக்கு மூன்று முறை ஊர்க்கூட்டத்தில் கணக்கு வாசிக்க வேண்டும். விவசாயியின் கையில் ஒரு சாவி இருந்தது என்பதைக் கவனியுங்கள். 1523-ல் இது சாதாரண விஷயமில்லை.

எங்கே தவறியது? மானியங்கள் நகர மன்றத்தின் பொறுப்பில் இருந்தன. அவற்றைப் பெட்டிக்கு மாற்ற மன்றம் மறுத்தது. வரவு இல்லாத பெட்டியில் எத்தனை பூட்டு இருந்து என்ன பயன்? லூத்தர் நேரில் போய்ப் பேசிப் பார்த்தார், எலெக்டருக்கு எழுதினார். ஃபிரெடெரிக் அழுத்தம் கொடுக்கவில்லை. சபைக்கு உரிமை இருந்தது, அதை நிறைவேற்றும் அதிகாரம் இல்லை.

இரண்டே ஆண்டில் விவசாயிகள் எழுச்சி வந்தது. 1525 மார்ச்சில் மெம்மிங்கனில் எழுதப்பட்ட பன்னிரண்டு அம்சக் கோரிக்கையில் முதல் அம்சமே, போதகரைத் தேர்ந்தெடுக்கவும் நீக்கவும் ஊர்ச் சபைக்கு உரிமை வேண்டும் என்பதுதான். இரண்டாவது, தானிய தசமபாகத்தில் போதகருக்குப் போக மீதி ஏழைகளுக்கு. மூன்றாவது, பண்ணை அடிமை முறை ஒழிய வேண்டும். மே 15-ல் ஃபிராங்கன்ஹவுசனில் விவசாயிகள் கொன்று குவிக்கப்பட்டார்கள். அவர்களை அடித்து ஒடுக்குமாறு லூத்தர் எழுதிய கடுஞ்சொற்களுக்கு நாங்கள் எந்தச் சமாதானமும் சொல்லப்போவதில்லை. அதன் பிறகு "சபையே தேர்ந்தெடுக்கட்டும்" என்ற பேச்சு அரசர்களின் காதில் கலகம் என்றே விழுந்தது.

வெற்றிடத்தை அரசு நிரப்பியது. 1527-ல் புதிய எலெக்டர் ஜான் ஆய்வுக் குழுவை அனுப்பினார். குழுவில் நால்வர்: இருவர் சொத்தும் வருமானமும் பார்க்க, இருவர் போதனையும் ஒழுக்கமும் பார்க்க. பங்கு பங்காகப் போய், போதகருக்கு என்ன தெரியும், எப்படி வாழ்கிறார், வீடு எப்படி இருக்கிறது, நிலத்தை யார் வளைத்துக்கொண்டார்கள், மடத்தில் எத்தனை பேர் மிச்சம் என்று விசாரித்தார்கள். தெரியவந்தது பயங்கரம். கர்த்தருடைய ஜெபத்தையும் விசுவாசப் பிரமாணத்தையும் தட்டுத்தடுமாறிச் சொல்லும் ஒருவர் டோர்காவ் அருகே போதகராக இருந்தார். பேயோட்டுவதில் மட்டும் பெயர் பெற்றவர். லூத்தர் 1529-ல் சிறிய ஞானோபதேசத்தை எழுதியதற்கு இந்த ஆய்வில் கண்டதே காரணம்.

அரசரை "அவசர கால ஆயர்" என்றே லூத்தர் கருதினார். வீடு பற்றி எரியும்போது யார் வேண்டுமானாலும் தண்ணீர் ஊற்றலாம் என்ற நியாயம். அவசரம் முடியவே இல்லை. 1539-ல் விட்டன்பர்க்கில் கான்சிஸ்டரி என்னும் சபை நீதிமன்றம் வந்தது. எலெக்டர் நியமித்த சட்ட வல்லுநர்களும் இறையியலாரும் அதில் உட்கார்ந்தார்கள். ஜெர்மன் லுத்தரன் சபைகளில் ஆட்சியாளரே சபைத் தலைவர் என்ற ஏற்பாடு 1918-ல் முடியாட்சிகள் விழும்வரை நீடித்தது.

கேள்வி: அரசரின் பாதுகாப்புக்குச் சபை கொடுத்த விலை என்று ஒன்றைக் குறிப்பாகச் சொல்ல முடியுமா? (கோயம்புத்தூர்)

ஹெஸ்ஸே சிற்றரசர் ஃபிலிப்பின் இரண்டாம் திருமணம். சீர்திருத்தத் தரப்பின் ராணுவக் கூட்டணியான ஷ்மால்கால்டன் லீகின் இரு தூண்களில் அவர் ஒருவர். முதல் மனைவி உயிரோடிருக்க இன்னொரு பெண்ணை மணக்க விரும்பினார். 1539 டிசம்பரில் லூத்தரும், சீர்திருத்த இறையியலாரான மெலான்க்தனும் பூட்சரும் ரகசியமாக இசைவுக் கடிதம் கொடுத்தார்கள். 1540 மார்ச் 4-ல் திருமணம். ரகசியம் சில மாதங்களில் உடைந்தது. பேரரசுச் சட்டத்தில் இருதாரக் குற்றத்துக்கு மரண தண்டனை. தலை தப்ப ஃபிலிப் 1541-ல் பேரரசரோடு உடன்படிக்கை செய்தார். லீக் கிளீவ்ஸ் டியூக்கைச் சேர்த்துக்கொள்ளாது, பிரான்ஸோடு சேராது என்று வாக்குக் கொடுத்தார். கூட்டணியின் முதுகெலும்பு அங்கே முறிந்தது. 1547 ஏப்ரல் 24-ல் மூல்பர்க்கில் லீக் தோற்றது. ஃபிலிப் ஐந்து ஆண்டு சிறையில் கிடந்தார். ஒரு ஏழைக் குடியானவன் கேட்டிருந்தால் அந்த மூவரும் அப்படிக் கையெழுத்திட்டிருப்பார்களா? இல்லை.

கேள்வி: "அரசன் எம்மதமோ குடிகளும் அம்மதம்" என்பது எந்த ஒப்பந்தத்தின் வாசகம்? (மதுரை)

1555 செப்டம்பர் 25, ஆக்ஸ்பர்க் சமாதானம் என்பார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் அந்த வாசகம் இல்லை. சட்ட அறிஞர்கள் பின்னால் உருவாக்கிய சுருக்கம் அது. ஒப்பந்தம் ஏற்றது கத்தோலிக்கத்தையும் லுத்தரன் அறிக்கையையும் மட்டுமே. கால்வின் என்ற இன்னொரு சீர்திருத்தக்காரரின் வழியினர் 1648 வரை காத்திருந்தார்கள். ஒத்துப்போகாத குடிமக்கள் சொத்தை விற்று வெளியேறலாம் என்று ஒரு பிரிவு இருந்தது. நிலத்தோடு கட்டுண்ட குடியானவனுக்கு அது ஏட்டுச் சுரைக்காய்தான்.

கேள்வி: அரசே வேண்டாம் என்று சொன்ன சீர்திருத்தக்காரர் யாரும் இல்லையா? (யாழ்ப்பாணம்)

இருந்தார்கள். சுவிட்சர்லாந்தின் சூரிக்கில் எப்போது, எவ்வளவு மாற்றுவது என்பதை நகர மன்றம் முடிவு செய்யட்டும் என்று அங்கே சீர்திருத்தத்தை நடத்திய ஸ்விங்லி விட்டதை அவருடைய மாணவர்களே எதிர்த்தார்கள். 1525 ஜனவரி 21-ல் அவர்கள் வயதுவந்தோருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். அக்காலத்தில் குழந்தை ஞானஸ்நானம் என்பது குடிமகனாகப் பதிவாவதற்குச் சமம். அதை மறுப்பது ஊரையே மறுப்பதாகப் பட்டது. 1527 ஜனவரி 5-ல் ஃபெலிக்ஸ் மான்ஸ் கையும் காலும் பிணைக்கப்பட்டு லிம்மாத் ஆற்றில் மூழ்கடிக்கப்பட்டார். 1529-ல் ஸ்பையர் நகரில் கூடிய பேரரசு மன்றம் இப்படி மறுஞானஸ்நானம் கொடுப்பவர்களுக்கும் பெறுபவர்களுக்கும் மரண தண்டனை என்று சட்டம் செய்தது. "புராட்டஸ்டண்ட்" என்ற பெயரைத் தந்த மறுப்புரை எழுந்தது அதே மன்றத்தில்தான். ஆனால் இந்தச் சட்டத்தில் மட்டும் கத்தோலிக்க, சீர்திருத்தத் தரப்புகள் இரண்டும் ஒன்றுபட்டன.

கேள்வி: இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி மறுமணத்துக்காகச் செய்ததுதானே எல்லாம்? அவர் இறந்ததும் ஏன் பழையபடி திரும்பவில்லை? (சென்னை)

தொடக்கம் அதுதான். 1534 சட்டம் அவரைச் சபையின் தலைவராக்கியது. திரும்பாததற்குக் காரணம் நிலம். 1535-ல் எல்லாச் சபைச் சொத்தின் வருமானத்தையும் கணக்கெடுத்தார்கள். 1536-ல் ஆண்டு வருமானம் 200 பவுண்டுக்குக் குறைந்த மடங்கள் மூடப்பட்டன. 1540-க்குள் பெரியவையும் போயின. போர்ச் செலவுக்காக அரசர் அந்த நிலங்களை விற்றார். வாங்கியவர்களில் பலர் பாராளுமன்றத்தில் உட்காரும் வகுப்பார். ஹென்றியின் மகள் மேரி 1554-ல் போப்பின் தலைமையை மீட்டபோது, வாங்கியவர்கள் நிலத்தைத் திருப்பித் தர வேண்டாம் என்று போப்பின் தூதர் ஒப்புக்கொண்ட பிறகே பாராளுமன்றம் தலையசைத்தது. பூசை திரும்பியது, நிலம் திரும்பவில்லை.

ஹென்றியைச் சீர்திருத்தவாதி என்று சொல்லவும் தயங்குகிறோம். 1540 ஜூலை 30 அன்று லண்டன் ஸ்மித்ஃபீல்டில் மூன்று சீர்திருத்தப் பிரசங்கிகளை எரித்தார். அதே நாள், அதே இடத்தில், போப்பை விடாத மூன்று கத்தோலிக்கரையும் கொன்றார். ஒவ்வொரு கோயிலிலும் ஆங்கில வேதாகமம் வைக்க ஆணையிட்ட அதே அரசு, 1543-ல் கைத்தொழிலாளரும் கூலிகளும் சாதாரணப் பெண்களும் அதை வாசிக்கக் கூடாது என்று சட்டம் போட்டது.

கேள்வி: தரங்கம்பாடி மிஷனுக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? (மயிலாடுதுறை)

நேரடித் தொடர்பு உண்டு. டென்மார்க்கில் மூன்றாம் கிறிஸ்டியன் 1536 ஆகஸ்டில் ஆயர்களைக் கைது செய்து அவர்களுடைய நிலங்களை அரசுடைமையாக்கினார். மறு ஆண்டு புதிய கண்காணிப்பாளர்களைப் பிரதிஷ்டை செய்ய விட்டன்பர்க்கிலிருந்து லூத்தரின் தோழர் பூகன்ஹாகன் வரவழைக்கப்பட்டார். அன்றிலிருந்து டென்மார்க் அரசரே சபையின் தலைவர். அந்தத் தகுதியில்தான் டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக், மிஷனரிகள் சீகன்பால்க்கையும் புளூட்சோவையும் அனுப்பினார். 1706 ஜூலை 9-ல் அவர்கள் தரங்கம்பாடியில் இறங்கினார்கள்.

ஆனால் அங்கிருந்த கோட்டை டேனிஷ் வணிகக் கம்பெனியின் கையில். வியாபாரத்துக்கு இடைஞ்சல் வரக் கூடாது என்பது கம்பெனியின் கவலை. அரசரின் கடிதத்தோடு வந்தவர்களைத் தளபதி ஹாசியஸ் விரோதமாகவே நடத்தினார். ஒரு விதவையின் கடன் வழக்கில் பரிந்து பேசியதைத் தொடர்ந்து 1708 நவம்பரில் சீகன்பால்க் டான்ஸ்பர்க் கோட்டையில் அடைக்கப்பட்டு நான்கு மாதம் கிடந்தார். அனுப்பியவர் அரசர், அடைத்ததும் அரசரின் கொடி பறந்த கோட்டையில்தான். பிறகு உதவியும் அதே வழியில்தான் வந்தது: 1714-ல் கோபன்ஹேகனில் அரசு மிஷன் வாரியம் அமைந்தது. 1718-ல் கட்டி முடித்த புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில் அரசரின் முடியும் பெயர் முத்திரையும் இன்றும் இருக்கின்றன. போய்ப் பாருங்கள்.

நம் மூன்று கேள்விகளை இங்கும் கேட்கலாம். ஆரோன் 1733-ல் முதல் தமிழ் லுத்தரன் போதகராக அபிஷேகம் பெற்றார். தரங்கம்பாடியை டென்மார்க் 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றது. தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை 1919-ல் தனிச் சபையானது. முதல் தமிழ் ஆயராக ராஜா மாணிக்கம் பொறுப்பேற்றது 1956-ல். சீகன்பால்க் கரையிறங்கி 250 ஆண்டுகள் கழித்து.